கடைசி நாட்களில் கையெழுத்து யாருடையது?

என் பெரியப்பா கும்பகோணம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். உமித் தூசியும் பீடியும் சேர்ந்து நுரையீரலை அரித்துவிட்டன. கடைசி நாலைந்து வருஷம் திண்ணையிலிருந்து கொல்லைக்குப் போய்வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். நெபுலைசர் வைக்கும்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான்: “முடியாமப் போச்சுன்னா வாயில கொழாய விட்டுக் கெடத்திடாதீங்கடா. வீட்லயே இருந்துட்டுப் போறேன்.” “அபசகுனமாப் பேசாதீங்க பெரியப்பா” என்று நாங்கள் வாயை அடைத்துவிடுவோம்.

ஒரு மார்கழி ராத்திரி மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ், அவசர சிகிச்சைப் பிரிவு, அப்புறம் ஐசியு. விடிவதற்குள் வாயில் குழாய், பக்கத்தில் வென்டிலேட்டர். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று இரண்டு கையையும் காஸ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். நாலாம் நாள் மயக்க மருந்தைக் குறைத்திருந்தார்கள். சாயங்காலம் நான் உள்ளே போனபோது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நர்ஸிடம் கேட்டு ஒரு கைக் கட்டை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டேன். ஆள்காட்டி விரலால் என் உள்ளங்கையில் மெதுவாக எழுதினார். முதல் தடவை புரியவில்லை. இரண்டாம் தடவை புரிந்தது. ‘வீடு’ என்று எழுதியிருந்தார்.

“சரி பெரியப்பா, நாளைக்குப் போயிடலாம்” என்றேன். வெளியே வந்து டாக்டரிடம் சொல்லவில்லை. மருந்து மயக்கத்தில் ஏதோ எழுதுகிறார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மறுநாள் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பதற்கான ஒப்புதல் படிவம் வந்தது. துபாயிலிருந்து அண்ணன் போனில் “என்னென்ன உண்டோ எல்லாம் செய்யச் சொல்லு” என்றார். அக்கா கையெழுத்துப் போட்டாள். பதினோராம் நாள் கையிருப்பும் நம்பிக்கையும் ஒன்றாகத் தீர்ந்தபோது, எங்கள் விருப்பத்தின் பேரில் அழைத்துப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பையை அமுக்கி மூச்சுக் கொடுத்தபடி ஆம்புலன்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பால் ஊற்ற அரை மணி நேரம்தான் கிடைத்தது.

அந்தப் பதினோரு நாளில் மூன்று படிவங்களில் மூன்று கையெழுத்து. ஒன்றுகூட அவருடையது இல்லை. நாலாம் நாள் அவர் என் கையில் எழுதியதைச் சட்டம் எப்படிப் பார்த்திருக்கும் என்பதைப் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் ஒரு சொல்லை நகர்த்தி வைக்க வேண்டும். இந்த விஷயம் செய்தியில் வரும்போதெல்லாம் தமிழில் ‘கருணைக்கொலை’ என்றுதான் வருகிறது. அந்தச் சொல்லுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள்: கருணை காட்டுகிறவர் ஒருவர், கொல்லப்படுகிறவர் ஒருவர். கொல்லப்படுகிறவரின் விருப்பத்துக்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை. ஊசி போட்டு ஒருவர் உயிரை எடுப்பது இந்தியாவில் இன்றும் குற்றம், அவரே கெஞ்சிக் கேட்டிருந்தாலும் குற்றம். நீதிமன்றங்கள் அனுமதித்திருப்பது வேறொன்று. குணமாகாது என்று தெரிந்த நிலையில், சாவைத் தள்ளிப்போடுவதைத் தவிர வேறெதுவும் செய்யாத சிகிச்சையை ஆரம்பிக்காமல் இருப்பது அல்லது நிறுத்துவது. அப்போது உயிரை எடுப்பது நோய்தான். தீர்ப்புகள் இதை ‘செயலற்ற கருணைக்கொலை’ என்ற பொருளில் குறிப்பிட்டாலும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2018இல் வெளியிட்ட சொல் விளக்க ஆவணம் அந்தப் பெயரையே கைவிடச் சொன்னது. பெயரில் கொலை இருக்கும்வரை எந்த டாக்டரும் நிதானமாகப் பேச மாட்டார், எந்த மகனும் நிம்மதியாக முடிவெடுக்க மாட்டான். கழகம் சொன்னது சரி என்றே நினைக்கிறேன்.

மூளைச்சாவோடும் பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கான 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி மூளைத்தண்டு செயலிழந்துவிட்டதாக மருத்துவக் குழு சான்றளித்தால் அவர் இறந்தவர். இங்கே நாம் பேசுவது உயிரோடு இருப்பவர்களைப் பற்றி.

சரி, உயிரோடு இருக்கும் ஒருவர் ‘இந்தச் சிகிச்சை எனக்கு வேண்டாம்’ என்று சொல்லலாமா? சொல்லலாம். நம் வீடுகளில் பலருக்கும் தெரியாத செய்தி இதுதான். 18 வயது நிரம்பிய, சுயநினைவோடு யோசித்துப் பதில் சொல்லக்கூடிய நோயாளி எந்தச் சிகிச்சையையும் மறுக்கலாம். மறுத்தால் உயிர் போகும் என்றாலும் மறுக்கலாம். அதற்கு நீதிமன்றமோ மருத்துவக் குழுவோ தேவையில்லை.

இதன் வேர் ஒப்புதல் பற்றிய சட்டத்தில் இருக்கிறது. டெல்லியில் 1995இல் 44 வயதுப் பெண் ஒருவர் லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்குச் சம்மதித்து மயக்க மருந்து எடுத்துக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு டாக்டர் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. வயது வந்த ஒரு பெண் சற்று நேரத்தில் கண்விழித்துத் தானே முடிவு சொல்ல முடியும் என்கிறபோது, உயிருக்கு ஆபத்தில்லாத நிலையில் தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். டாக்டர் நல்லெண்ணத்தோடு செய்தார் என்பதும் அவரைக் காப்பாற்றவில்லை. உடம்பு யாருடையதோ அவரிடம்தான் கேட்க வேண்டும். 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது, உயிரை நீட்டிக்கும் சிகிச்சையை மறுப்பதும் அந்த உரிமைக்குள் வரும் என்று நீதிபதி செலமேஸ்வர் தனியாகவே எழுதினார்.

முடிவெடுக்கும் திறன் என்றால் என்ன என்பதற்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது. அது மனநலச் சிகிச்சைக்காக எழுதப்பட்டது, ஐசியுவுக்காக அல்ல. ஆனாலும் அதில் உள்ள ஒரு வரியைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. நோயாளி தன் முடிவைப் பேச்சாலோ, முகபாவத்தாலோ, சைகையாலோ, வேறு எந்த வழியிலோ தெரிவிக்கலாம் என்கிறது அந்த வரி. வாயில் குழாய் இருக்கிறவர் பேச முடியாதவர்தான். முடிவெடுக்க முடியாதவர் என்று அதற்கு அர்த்தமில்லை. பெரியப்பா உண்மையிலேயே தெளிவாக இருந்தாரா, மருந்தின் குழப்பத்தில் இருந்தாரா என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது. ஆனால் அதைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். தாளும் பேனாவும் கொடுத்து, டாக்டரை அழைத்து, ஆமாம் என்றால் கண்ணை மூடுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை.

நோயாளி பேசவே முடியாமல் போய்விட்டால் என்ன செய்வது? சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இந்தியாவில் அந்தக் கேள்வியை நாட்டுக்கு முன்னால் வைத்தவர் அருணா ஷான்பாக். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். 1973 நவம்பர் 27 அன்று அதே மருத்துவமனையின் வார்டு பாய் ஒருவன் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை நெரித்துப் பாலியல் வன்முறை செய்தான். மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் அவர் அந்த 25 வயதிலேயே உறைந்துபோனார். கொலை முயற்சிக்கும் கொள்ளைக்கும் அவனுக்கு ஏழு வருஷம் தண்டனை. பாலியல் குற்றத்துக்காக வழக்கே பதியப்படவில்லை. அவனது தண்டனைக் காலம் முடிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அருணா அதே மருத்துவமனையின் ஒரு அறையில் படுத்திருந்தார். பின்கி விரானி என்ற பத்திரிகையாளர் அருணாவின் நண்பராகத் தன்னைச் சொல்லிக்கொண்டு, உணவூட்டுவதை நிறுத்த உத்தரவிடும்படி உச்ச நீதிமன்றத்தில் மனு கொடுத்தார்.

2011 மார்ச் 7 அன்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் கியான் சுதா மிஸ்ராவும் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். அதே தீர்ப்பில்தான் சிகிச்சையை நிறுத்துவதற்கு உயர் நீதிமன்றத்தின் அனுமதியோடு வழி உண்டு என்ற கதவும் முதன்முதலாகத் திறந்தது. அருணாவுக்காக யார் பேசலாம் என்பதுதான் வழக்கின் மையக் கேள்வியாக மாறியது. அவரைப் பற்றிப் புத்தகம் எழுதியவரா, தலைமுறை தலைமுறையாகக் குளிப்பாட்டிச் சோறூட்டிய நர்ஸ்களா? நர்ஸ்கள்தான் என்றது நீதிமன்றம். அவர்கள் ‘அருணா வாழட்டும்’ என்றார்கள். படுக்கைப் புண் இல்லாமல் அவரைப் பார்த்துக்கொண்ட அந்தப் பெண்களின் அன்பைக் குறைத்துப் பேச யாருக்கும் மனம் வராது. ஆனால் அருணாவே என்ன விரும்பியிருப்பார் என்பதற்கு அந்த வழக்கில் யாரிடமும் பதில் இல்லை. 25 வயதுப் பெண் அதையெல்லாம் யாரிடம் சொல்லி வைத்திருப்பாள்? 2015 மே 18 அன்று நிமோனியாவில் அவர் இறந்தார்.

அருணா வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே வேறொரு மனு உச்ச நீதிமன்றத்தில் காத்திருந்தது. ‘காமன் காஸ்’ என்ற அமைப்பு 2005இல் போட்டது. ஒருவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே, எதிர்காலத்தில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று எழுதி வைக்கலாம், அது செல்ல வேண்டும் என்பது கோரிக்கை. இதைத்தான் லிவிங் வில் என்கிறார்கள். சொத்து உயில் செத்த பிறகு பேசும். இது சாவதற்கு முன்னால், நாம் பேச முடியாத நேரத்தில் நமக்காகப் பேசும். அரசுத் தரப்புக்கு இதில் நெடுநாள் தயக்கம் இருந்தது. சட்ட ஆணையம் 2006லும் 2012லும் தந்த அறிக்கைகள் இப்படிப்பட்ட ஆவணத்தை ஏற்கவில்லை. சுகாதார அமைச்சகம் 2016இல் வெளியிட்ட வரைவு மசோதாவும் அது செல்லாது என்றே சொன்னது.

2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையில், செல்லும் என்று தீர்ப்பளித்தது. கண்ணியமாகச் சாவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. ஐநூறு பக்கத்துக்கு மேல் போகும் அந்தத் தீர்ப்பின் பல பக்கங்கள் படிக்கப் படிக்க நெகிழ வைப்பவை.

ஆனால் கடைசியில் கொடுத்த நடைமுறை, ஐசியு வாசலில் நின்ற யாருக்கும் பயன்படும்படி இல்லை. ஆவணத்தில் நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) ஒருவர் எதிர்க்கையெழுத்துப் போட வேண்டும். நோய் முற்றிய நேரத்தில் மருத்துவமனை ஒரு குழுவை அமைக்க வேண்டும். அதில் இருபது வருஷ அனுபவமுள்ள நிபுணர்கள் வேண்டும். அவர்கள் சரி என்றால் கலெக்டர் இன்னொரு குழு அமைக்க வேண்டும். அந்தக் குழுவும் நேரில் வந்து பார்த்துச் சரி என்றால், நடுவர் மருத்துவமனைக்கே வந்து நோயாளியைப் பார்த்து அனுமதி தர வேண்டும். நோயாளியின் உயிர் மணிக்கணக்கில் போய்க்கொண்டிருக்கும்போது இதற்கெல்லாம் யார் அலைவது? ஐசியு டாக்டர்களின் சங்கமே நீதிமன்றத்துக்குத் திரும்பப் போய் இதை மாற்றுங்கள் என்று கேட்டது. உரிமை கிடைத்துவிட்டது, பயன்படுத்தத்தான் வழியில்லை என்ற நிலை ஐந்து வருஷம் நீடித்தது.

2023 ஜனவரி 24 அன்று நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான அமர்வு நடைமுறையை எளிதாக்கியது. இன்றைக்கு நடப்பில் இருப்பது இதுதான். 18 வயது நிரம்பிய, தெளிந்த மனநிலையில் உள்ள யாரும் எழுதலாம். யாரும் வற்புறுத்தி எழுத வைக்கக் கூடாது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டரி ஒருவரோ, பச்சை மையில் கையெழுத்துப் போடும் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி ஒருவரோ சான்றளித்தால் போதும், நடுவரிடம் போக வேண்டியதில்லை. தான் பேச முடியாத நேரத்தில் தனக்காகச் சம்மதமோ மறுப்போ சொல்ல வேண்டியவர்களின் பெயரை அதில் குறிப்பிட வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களும் எழுதலாம். எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம், மாற்றலாம். குடும்ப டாக்டர் இருந்தால் அவரிடம் ஒரு நகல், உள்ளாட்சி அமைப்பு நியமிக்கும் அதிகாரியிடம் ஒரு நகல்.

மருத்துவமனையில் நடப்பதும் மாறியிருக்கிறது. சிகிச்சை தரும் டாக்டரும், ஐந்து வருஷ அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் முதல் குழு. மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு டாக்டரும், முதல் குழுவில் இல்லாத இரண்டு நிபுணர்களும் இரண்டாம் குழு. இரண்டு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். இரண்டு குழுவும் சரி என்று சொல்லி, ஆவணத்தில் பெயர் உள்ளவர்களும் சம்மதித்தால், நடுவருக்குத் தகவல் தெரிவித்துவிட்டு நிறுத்தலாம். தகவல்தான், அனுமதி கேட்பது இல்லை. குழுக்கள் மறுத்தால் குடும்பம் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆவணம் இல்லாதவர்களுக்கும் இதே இரண்டு குழு வழி உண்டு, நெருங்கிய உறவினர்களின் சம்மதத்தோடு. அதாவது பெரியப்பா எதுவும் எழுதி வைக்காவிட்டாலும், ஆம்புலன்ஸில் பையை அமுக்கிக்கொண்டு வராமல், ஆஸ்பத்திரியிலேயே வலியில்லாமல் குழாயை எடுக்கச் சட்டப்படி ஒரு பாதை இருந்தது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

எழுதிக் கொடுத்துக் கூட்டி வருவது நம் ஊரில் எத்தனை சாதாரணம் என்பது ஐசியு வாசலில் ஒரு வாரம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ‘டாக்டர் கையை விரிச்சுட்டார், எழுதிக் குடுத்துட்டு வந்துட்டோம்’ என்ற வாக்கியம் இல்லாத சாவு வீடு குறைவு. மருத்துவமனைக் கோப்பில் அது ‘மருத்துவ ஆலோசனைக்கு மாறாக வெளியேறினார்’ என்று பதிவாகும். வழக்கு வருமோ என்ற பயத்தில் டாக்டர் தன் வாயால் நிறுத்தலாம் என்று சொல்ல மாட்டார். குற்றவுணர்ச்சியில் குடும்பமும் தன் வாயால் சொல்லாது. கடைசியில் பணம்தான் முடிவைச் சொல்கிறது. பணம் தீர்ந்தவர் குணமாகக்கூடிய நோயாளியையும் கூட்டிப் போகிறார். பணம் இருப்பவர் குணமாகவே முடியாதவரையும் மாதக்கணக்கில் கருவியில் வைத்திருக்கிறார். இரண்டு இடத்திலும் படுத்திருப்பவரிடம் யாரும் கேட்பதில்லை. நோயாளியின் உரிமை என்று பேசும்போது, ‘வேண்டாம்’ என்பதை மட்டும் பேசினால் போதாது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வராண்டாவில் நிற்கும் ஒரு விவசாயக் கூலிக்கு ‘வேண்டும்’ என்பதும் உரிமைதான்.

எதைச் சிகிச்சை என்று சொல்வது என்பதிலும் ஒரு பெரிய போராட்டம் நடந்தது. வென்டிலேட்டர் சரி, மூக்கு வழியாகவோ வயிற்றில் துளை போட்டோ செலுத்தும் உணவு? நாலாவது மாடியிலிருந்து 2013இல் விழுந்து, தலையில் அடிபட்டு, நினைவு திரும்பாமலே கிடந்த ஒரு இளைஞரின் பெற்றோர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர் கருவியின் உதவியில்லாமல் தானே மூச்சுவிடுகிறார், எனவே நிறுத்துவதற்கு எதுவும் இல்லை என்று 2024 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. நம் மனசும் அப்படித்தான் சொல்லும். சோறு போடாமல் விடுவதா என்று எந்தத் தாயும் பதறுவாள். அந்தத் தாயும் தந்தையும் பதறாமல் போயிருப்பார்களா? பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் குழாய் வழியாக ஊட்டியவர்களே அவர்கள்தான். 2026 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், குழாய் வழி உணவும் டாக்டர்களின் மேற்பார்வையில் நடக்கும் மருத்துவச் சிகிச்சைதான், மற்றச் சிகிச்சைகளைப் போல அதையும் குழுக்கள் பரிசீலிக்கலாம் என்று சொல்லி அனுமதித்தது.

இந்த நடைமுறைகளெல்லாம் வேண்டாத கெடுபிடி என்று நினைப்பவர்களிடம் நான் நம் தென் மாவட்டங்களைப் பார்க்கச் சொல்வேன். விருதுநகர், மதுரைப் பக்கம் ‘தலைக்கூத்தல்’ என்று ஒரு வழக்கம் இருந்தது, முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று சொல்லவும் முடியாது. படுத்த படுக்கையான முதியவருக்கு விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த தண்ணீரில் குளிப்பாட்டி, இளநீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். காய்ச்சல் வந்து ஓரிரு நாளில் முடிந்துவிடும். ஊருக்கே தெரியும், யாரும் பேச மாட்டார்கள். ‘அவருக்கு விடுதலை கொடுத்தோம்’ என்பார்கள். அவர் கேட்டாரா என்றால் பதில் இருக்காது. 2011 தீர்ப்பில் சொத்துக்காக உறவினர்களே இதைத் தவறாகப் பயன்படுத்தலாம் என்று கட்ஜு கவலைப்பட்டது வெறும் கற்பனை இல்லை. சாட்சி, இரண்டு குழு, நடுவருக்குத் தகவல் எல்லாம் அந்தப் பயத்திலிருந்து வந்தவை. ஆகவே அவை இருக்கட்டும். கேள்வி, அவை வேலை செய்கின்றனவா என்பதுதான்.

இங்கே மாநிலங்களுக்குள் பெரிய வித்தியாசம் தெரிகிறது. நாடாளுமன்றம் இன்னும் சட்டம் இயற்றவில்லை, தீர்ப்புதான் சட்டமாக நடக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2024 செப்டம்பரில் வரைவு வழிகாட்டுதல்களை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. கோவாவில் 2024 மே மாதம் உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ். சோனக் தானே முதல் ஆளாக லிவிங் வில் பதிவு செய்து வழிகாட்டினார். கர்நாடக அரசு 2025 ஜனவரி 30 அன்று உத்தரவு போட்டு, மருத்துவமனைகளில் குழுக்கள் அமைப்பதற்கும் இரண்டாம் குழுவுக்கு டாக்டரை நியமிப்பதற்கும் யார் பொறுப்பு என்பதைத் தெளிவாக்கியது. ஒரு உத்தரவு எதற்கு இவ்வளவு முக்கியம் என்று தோன்றலாம். தீர்ப்பு ‘மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி’ என்கிறது. தமிழ்நாட்டில் மாவட்ட அளவில் இருப்பவர் இணை இயக்குநர், அவருக்குப் பெயரே வேறு. எது யார் வேலை என்று எழுத்தில் இல்லாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஐசியுவிலிருந்து போன் வரும்போது யாரும் எடுக்க மாட்டார்கள்.

நிறுத்துவது என்பது கைவிடுவது அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூச்சுக் குழாயை எடுத்த பிறகு வரும் திணறலை மார்ஃபின் என்ற வலி நிவாரண மருந்து தணிக்கும், பயத்தைத் தணிக்கவும் மருந்து உண்டு. இவை இல்லாமல் வீட்டுக்கு அனுப்புவது கொடுமை, பெரியப்பாவுக்கு நாங்கள் செய்தது அதுதான். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் மார்ஃபின் கிடைப்பதே அரிதாக இருந்தது. 2014இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி மருத்துவப் பயன்பாட்டுக்கான உரிம முறையை எளிதாக்கினார்கள். கேரளாவில் 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம், பின்னால் ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் வீடு தேடிப் போகும் இயக்கமாக வளர்ந்தது. அதைப் பார்த்துதான் 2008இல் அந்த மாநிலம் கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டிலேயே நோய்த் தணிப்புச் சிகிச்சை தரும் பணியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. வலி தாங்க முடியாமல் ஒருவர் ‘என்னைக் கொன்னுடுங்க’ என்று சொல்வதை அவருடைய சுதந்திர முடிவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. வலியைக் குறைத்துவிட்டுக் கேட்டால் பதில் மாறும்.

அதே போலத்தான் உண்மையை மறைப்பதும். ‘அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்’ என்று பரிசோதனை அறையின் கதவுக்கு வெளியே டாக்டரின் கையைப் பிடித்துக்கொள்ளாத மகன் யார்? அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் தனக்குப் புற்றுநோய் என்றே தெரியாதவர் எந்தச் சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? அவருடைய உரிமை அந்தக் கதவுக்கு வெளியிலேயே முடிந்துபோகிறது.

போன வருஷம் என் அம்மா எழுதினார். வயது 71, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் தவிர வேறொன்றும் இல்லை. இதுதான் எழுதச் சரியான நேரம். நான் தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தேன். “உங்க பெரியப்பா கெடந்த கோலத்தப் பாத்ததுலேருந்து நானே கேக்கலாம்னுதான் இருந்தேன்” என்றார். நோட்டரி வக்கீலுக்கு இது புதுசு. தீர்ப்பின் நகலை நான் கொடுத்ததும் ஒரு நாள் அவகாசம் கேட்டார், படித்துவிட்டுச் செய்துகொடுத்தார். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரும் அம்மாவோடு கோயிலுக்குப் போகும் ஒரு மாமியும் சாட்சி. உள்ளாட்சி அலுவலகத்தில் நகலைக் கொடுக்கப் போனபோது, எந்தப் பிரிவில் வாங்குவது என்று நாலு மேசை சுற்றினோம். கடைசியில் தபால் பிரிவில் முத்திரை போட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்த முத்திரையிட்ட ரசீது ரேஷன் கார்டு உறையில் இருக்கிறது.

அம்மாவுக்காகப் பேச வேண்டியவர்களில் எனக்கு அடுத்ததாக யார் பெயரைப் போடுவது என்ற இடத்தில் தம்பி பெயரை எழுதப் போனேன். அம்மா தடுத்துவிட்டார். “அவன் அழுவான். ‘இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்’னு சொல்லிக்கிட்டே இருப்பான். சித்தி பொண்ணு பேரப் போடு, அவளுக்குத் தைரியம் உண்டு.” உறவினர்களில் யார் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பு எந்த வரிசையும் சொல்லவில்லை. ஆவணம் இல்லாவிட்டால் ஐசியு வாசலில் யார் குரல் ஓங்குகிறதோ அதுதான் நடக்கும். அம்மா அரை நிமிஷத்தில் அதை முடித்துவிட்டார். அப்புறம் கடைசியாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: பேச முடியாவிட்டாலும் ஒரு தாளும் பேனாவும் தன் கைக்கு எட்டும்படி வைக்க வேண்டும், கையைக் கட்டக் கூடாது. இது தேவையா என்று நோட்டரி கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா கையை நீட்டித் தாளை வாங்கி, அந்த வரிக்குக் கீழேயே கையெழுத்துப் போட்டார்.